திசுவில் சிடி4 ஏற்பியை மோனோகுளோனல் ஆன்டிபாடியால் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிணநீர்க் கணு, டான்சில், தோல், குடல் ஆகியவற்றின் பாரஃபின் (மெழுகு) பிளாக்கிலிருந்து வெட்டிய திசுவில் சிடி4 ஏற்பியை (டி-செல் என்னும் வெள்ளணு வகையின் சவ்வில் இருக்கும் புரதம்) ஸ்டெயின் செய்து பார்ப்பவர்களுக்கான பக்கம் இது. தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் ஆய்வகங்களில் வேலை செய்யும், படிக்கும் தமிழர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். இங்கே சொல்லும் முறை கையால் செய்வது. தானியங்கி மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் காரணங்கள் அவையேதான்.

இரத்தத்தில் சிடி4 எண்ணுகிறார்களே, அதே ஆன்டிபாடியைத் திசுவில் போட்டால் என்ன?

இந்த நாட்டில் சிடி4 என்றாலே எச்.ஐ.வி. பரிசோதனையின் எண்ணிக்கைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதனால் இந்தக் கேள்வி இயல்பானதே. பதில்: பெரும்பாலும் வேலை செய்யாது.

இரத்தத்தில் எண்ணப் பயன்படும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல் உயிரோடு, ஏற்பி தன் இயல்பான மடிப்போடு இருக்கிறது. ஓகேடி4, எஸ்கே3 போன்ற குளோன்கள் (ஒவ்வொன்றும் ஒரே செல் வழியிலிருந்து வரும் ஆன்டிபாடி) அந்த மடிப்பைத்தான் பிடிக்கின்றன. ஃபார்மலினில் ஊறி, சைலீனில் குளித்து, 60 டிகிரி மெழுகில் வெந்து வந்த திசுவில் அந்த மடிப்பு மிஞ்சுவதில்லை. பாரஃபின் திசுவுக்கு ஏற்றவை, குலைந்த புரதத்திலும் மிஞ்சியிருக்கும் ஒரு சிறு துண்டை அடையாளம் காணும் குளோன்கள். சுண்டெலியிலிருந்து வந்த 4பி12, முயலிலிருந்து வந்த எஸ்பி35 இரண்டும் பரவலாகப் பயன்படுபவை. உறைய வைத்து வெட்டிய திசுவாக இருந்தால் ஃப்ளோ குளோன்களில் பல நன்றாகவே வேலை செய்யும்.

ஆகவே பாட்டில் வாங்கும்போது "சிடி4" என்ற பெயரைப் பார்த்தால் போதாது. குளோன் பெயரையும், பாரஃபின் திசுவுக்குச் சோதித்ததா என்ற வரியையும் பாருங்கள்.

மோனோகுளோனல்தான் வேண்டுமா?

1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஹைப்ரிடோமா முறையைக் கண்டுபிடித்ததால் கிடைத்த நன்மை இதுதான்: ஒரே செல் வழி, ஒரே ஆன்டிபாடி, ஒரே எபிடோப் (புரதத்தில் ஆன்டிபாடி பிடிக்கும் சிறு இடம்). இந்த வருடம் வாங்கும் பாட்டிலும் மூன்று வருடம் கழித்து வாங்கும் பாட்டிலும் பிடிக்கும் இடம் மாறாது. அதிலேயே ஒரு பலவீனமும் இருக்கிறது. அந்த ஒரே எபிடோப் ஃபார்மலினால் மூடப்பட்டால் ஸ்லைடு வெறுமையாகிவிடும். பல ஆன்டிபாடிகள் கலந்த பாலிகுளோனலாக இருந்தால் வேறொரு எபிடோப் கைகொடுக்கலாம். மோனோகுளோனலுக்கு அந்த வழி கிடையாது. திசுவுக்கு முன்பு என்ன நடந்தது என்பது இந்த வேலையில் இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

ஃபார்மலினில் எவ்வளவு நேரம்?

10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், அதாவது சுமார் 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. திசுவின் கனஅளவைப்போல் குறைந்தது 10 மடங்கு திரவம். துண்டின் தடிமன் 3 முதல் 4 மி.மீ. நேரம் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மிகாமலும். எங்களைக் கேட்டால் 24 மணி நேரத்தை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மலின் திசுவுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். முதல் மணி நேரத்தில் சுமார் 1 மி.மீ. போகும், பிறகு இன்னும் வேகம் குறையும். முழு நிணநீர்க் கணுவை வெட்டாமல் அப்படியே பாட்டிலில் போட்டால் ஓரம் ஃபிக்ஸ் ஆகும், நடுப்பகுதி கெட ஆரம்பிக்கும். ஸ்லைடில் அது அப்படியே தெரியும்: வெளி வளையத்தில் தெளிவான நிறம், நடுவில் மங்கலான கலங்கல். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆன்டிபாடியின் அளவைக் கூட்டிப் பயனில்லை. கிராமப்புற மருத்துவமனையில் எடுத்த கணு வெள்ளிக்கிழமை கிளம்பி திங்கட்கிழமை நகரத்துக்கு வருகிறதென்றால், அங்கேயே நடுவில் ஒரு வெட்டுப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பாட்டிலின் மேல் திசுவை எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டும் கிடைத்தால் பின்னால் வரும் சந்தேகங்களில் பாதி தீர்ந்துவிடும்.

பஃபர் இல்லாத ஃபார்மலின் அமிலமாகிவிடும். அப்போது இரத்தம் நிறைந்த இடங்களில் கரும்பழுப்பு நிறமி படியும். டிஏபியின் (ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைக் காட்டும் நிறப்பொருள்) பழுப்போடு அதைக் குழப்பிக்கொள்வது எளிது.

செக்ஷன் எவ்வளவு மெல்லியதாக வெட்ட வேண்டும்?

3 அல்லது 4 மைக்ரான். நேர்மின்னூட்டம் கொண்ட பூசிய ஸ்லைடில் எடுங்கள், சாதாரண ஸ்லைடில் எடுத்தால் பிறகு சூடேற்றும்போது குக்கரில் கழன்றுவிடும். தண்ணீர் முழுக்க வடிய நிமிர்த்தி வைத்து, 37 டிகிரியில் இரவு முழுதும் அல்லது 60 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். டர்பன் கோடையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் மேசை மேல் வைத்து உலர்த்துவது போதாது, ஓவன் அவசியம். வெட்டிய ஸ்லைடுகளை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். நிறம் படிப்படியாக மங்கும். பிளாக்கை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது வெட்டுங்கள்.

டர்பனில் சரியாக வந்த முறை ஜோஹன்னஸ்பர்க்கில் வரவில்லை. ஏன்?

ஸ்லைடைச் சூடான பஃபரில் வைத்து, ஃபார்மலின் மூடிய எபிடோப்பைத் திறக்கும் படியில்தான் வித்தியாசம். உயரம்தான் காரணம். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். வாட்டர் பாத்தின் முள்ளை 98இல் வைத்தாலும் பஃபர் அந்த அளவை எட்டாது.

ஃபார்மலின் புரதங்களுக்கு இடையே போட்ட மெத்திலீன் பாலங்களைச் சூடுதான் உடைக்கிறது. அந்த உடைப்புக்கு வெப்பநிலையும் நேரமும் சேர்ந்து தேவை. நாலைந்து டிகிரி குறைந்தாலே சிடி4 போன்ற மென்மையான குறி மங்கிவிடும். இரண்டு வழி உண்டு. திறந்த பாத்திரத்தில் செய்வதானால் 20 நிமிடத்தை 40 நிமிடமாக்கிச் சோதித்துப் பாருங்கள். அதைவிட நல்லது பிரஷர் குக்கர்.

குக்கரில் எப்படிச் செய்வது?

பஃபரை முதலில் குக்கரில் கொதிக்க விடுங்கள். கொதித்த பிறகே ஸ்லைடு ரேக்கை இறக்குங்கள். மூடி, முழு அழுத்தம் வந்ததும் கடிகாரத்தைத் தொடங்கி 2 முதல் 3 நிமிடம் வையுங்கள். விசில் எண்ணி நேரம் பார்க்கக் கூடாது. சாம்பாருக்கு அது போதும், இங்கே ஒவ்வொரு முறையும் நேரம் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். அழுத்தம் இறங்கியதும் மூடியைத் திறந்து, ஸ்லைடுகளைச் சூடான பஃபரிலேயே 20 நிமிடம் ஆற விடுங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் நொடியில் காய்ந்துவிடும், அந்த ஸ்லைடு பிறகு தேறாது. எவர்சில்வர் குக்கரே நல்லது. ஆய்வகத்துக்கு வந்த குக்கர் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

சிடி4க்கு பெரும்பாலும் பி.எச். 9 பஃபர்தான் நன்றாக வரும். 1 லிட்டருக்கு டிரிஸ் பேஸ் 1.21 கிராம், ஈ.டி.டி.ஏ. டைசோடியம் 0.37 கிராம், ட்வீன் 20 அரை மி.லி. பி.எச். 6 சிட்ரேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.94 கிராமை 1 லிட்டரில் கரைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 6.0க்குக் கொண்டுவந்து, அதே அளவு ட்வீன் சேருங்கள்.

டிரிஸ் பஃபரின் பி.எச். வெப்பத்தோடு மாறும், டிகிரிக்குச் சுமார் 0.03 அலகு. 30 டிகிரி வெக்கையில் சரிபார்த்த பஃபரும் 20 டிகிரியில் சரிபார்த்த பஃபரும் கிட்டத்தட்ட 0.3 வேறுபடும். எப்போதும் 25 டிகிரியில் அளந்து, தேதியையும் அளவையும் பாட்டிலில் எழுதுங்கள்.

முழு வரிசையையும் ஒருமுறை சொல்ல முடியுமா?

சைலீன் 5 நிமிடம் இரண்டு முறை. முழு ஆல்கஹால் 3 நிமிடம் இரண்டு முறை, பிறகு 95, 70 சதவீத ஆல்கஹால், பிறகு தண்ணீர். இதன் பின் மேலே சொன்ன சூடேற்றம். ஆறியதும் டிரிஸ் சலைன் பஃபரில் கழுவுங்கள்: 1 லிட்டருக்கு டிரிஸ் 6.05 கிராம், உப்பு 8.76 கிராம், பி.எச். 7.6, ட்வீன் 20 அரை மி.லி.

அடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். 30 சதவீத பாட்டிலிலிருந்து 1 பங்கும் தண்ணீர் 9 பங்கும் கலந்து அன்றன்றே தயாரியுங்கள். சிவப்பணு, நியூட்ரோஃபில், இயோசினோஃபில் ஆகியவற்றில் இயல்பாக இருக்கும் பெராக்சிடேஸை இது அடக்கும். மேற்பரப்பு ஏற்பிகள் சிலவற்றின் எபிடோப்பைப் பெராக்சைடே கெடுப்பதுண்டு. நிறம் காரணமில்லாமல் மங்கலாக வந்தால் இந்தப் படியை முதல் ஆன்டிபாடிக்குப் பிறகு வைத்துப் பாருங்கள்.

திசுவைச் சுற்றி மெழுகுப் பேனாவால் வட்டம் போட்டு, 5 சதவீத ஆட்டு சீரம் 20 நிமிடம். அதை வடித்துவிட்டு, கழுவாமலே, முதல் ஆன்டிபாடி 100 முதல் 200 மைக்ரோலிட்டர் விடுங்கள். அறை வெப்பத்தில் 60 நிமிடம், அல்லது 4 டிகிரியில் இரவு முழுதும். 3 நிமிடம் மூன்று முறை கழுவுதல். எச்.ஆர்.பி. பாலிமர் (முதல் ஆன்டிபாடியில் ஒட்டி, டிஏபியைப் பழுப்பாக்கும் பெராக்சிடேஸ் என்சைமைச் சுமப்பது) 30 நிமிடம். மறுபடி மூன்று கழுவல். டிஏபி 5 முதல் 10 நிமிடம். தண்ணீரில் அலசி, ஹீமடாக்சிலின் 30 விநாடி முதல் 1 நிமிடம், குழாய்த் தண்ணீரில் நீலமாக்கல், ஆல்கஹால், சைலீன், கவர்ஸ்லிப்.

எந்த இடத்திலும் ஸ்லைடு காயக் கூடாது. வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஈரப்பெட்டியின் அடியில் நனைத்த காகிதம் போட்டு, பெட்டி மட்டமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே சொட்டு விடுங்கள். சாய்ந்திருந்தால் ஆன்டிபாடி ஒரு பக்கம் ஓடிவிடும். ஸ்லைடில் பாதி நிறமும் பாதி வெறுமையும் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆன்டிபாடியை எந்த அளவில் கரைப்பது? பாட்டிலில் 1:50 முதல் 1:200 வரை என்று இருக்கிறது.

அது தொடங்குவதற்கான குறிப்புதான். உங்கள் பஃபர், உங்கள் குக்கர், உங்கள் பாலிமர் எல்லாம் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கும். ஒரே டான்சில் பிளாக்கிலிருந்து ஆறு ஸ்லைடு வெட்டுங்கள். ஐந்தில் 1:50, 1:100, 1:200, 1:400, 1:800 விடுங்கள், ஆறாவதில் ஆன்டிபாடி இல்லாமல் வெறும் பஃபர். ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், நிறம் கிட்டத்தட்ட குறையாமலே பின்னணி மட்டும் விலகும் ஓர் இடம் வரும். அதுதான் உங்கள் அளவு. எது அதிகப் பழுப்போ அதுவே நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டிலில் 1 மி.கி./மி.லி. என்று இருந்தால் 1:200 என்பது மி.லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அளவை இப்படி மைக்ரோகிராமாகக் குறித்து வையுங்கள். அடுத்த பாட்டிலின் செறிவு வேறாக இருந்தாலும் கணக்குத் தவறாது. புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வரும்போது பழைய லாட்டோடு ஒரே நாளில் பக்கத்தில் பக்கமாக ஓட்டிப் பாருங்கள்.

சரியான நிறம் எப்படி இருக்கும்?

டான்சிலை 4 மடங்கு லென்ஸில் வைத்தால், வெளிறிய உருண்டைகளாக ஃபாலிக்கிள்கள் (பி-செல் திரள்கள்) தெரியும். அவற்றுக்கு இடையே உள்ள டி-செல் பகுதி அடர்ந்த பழுப்பாக இருக்கும். ஃபாலிக்கிளின் நடுவில் உள்ள ஜெர்மினல் சென்டருக்குள் பழுப்புச் செல்கள் தூவியது போல் சிதறிக் கிடக்கும், அவை ஃபாலிக்குலர் ஹெல்ப்பர் செல்கள். அதைச் சுற்றியுள்ள மேன்டில் வளையத்தின் பி-செல்கள் நிறமற்று நீலமாகவே இருக்க வேண்டும்.

40 மடங்குக்குப் போங்கள். ஒவ்வொரு லிம்போசைட்டையும் சுற்றி மெல்லிய, உடையாத பழுப்பு வளையம், நடுவில் சுத்தமான நீல உட்கரு. இதுதான் ஏற்பியின் அடையாளம், ஏனென்றால் சிடி4 செல்லின் சவ்வில் இருக்கும் புரதம். உட்கருவே பழுப்பாக இருந்தால் அது சிடி4 அல்ல, எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி.

லிம்போசைட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். மேக்ரோஃபேஜ்களிலும் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) சிடி4 உண்டு, ஆனால் குறைவாக. கல்லீரலின் மேக்ரோஃபேஜ்களான குப்ஃபர் செல்கள் மங்கலாகவேனும் நிறம் காட்டினால்தான் உங்கள் முறைக்குப் போதிய கூர்மை இருக்கிறது என்று அர்த்தம். டான்சிலில் பளிச்சென்றும் குப்ஃபர் செல்லில் ஒன்றுமே இல்லாமலும் வந்தால், குறைவாக ஏற்பி உள்ள நோயாளித் திசுவில் அது உங்களைக் கைவிடும். டான்சில், கல்லீரல் இரண்டையும் ஒரே பிளாக்கில் பதித்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் நோயாளியின் திசு இருக்கும் அதே ஸ்லைடின் முனையில் ஒட்டிவிடுவதையே நாங்கள் சிபாரிசு செய்வோம்.

நெகட்டிவ் கன்ட்ரோலாக வெறும் பஃபர் போதுமா?

போதாது. வெறும் பஃபர் பாலிமரின் பின்னணியை மட்டும் காட்டும். உங்களுடையது சுண்டெலி ஐஜிஜி1 வகை ஆன்டிபாடி என்றால், எதையும் குறிவைக்காத சுண்டெலி ஐஜிஜி1-ஐ அதே மைக்ரோகிராம் அளவில் இன்னொரு ஸ்லைடில் போடுங்கள். இதுதான் ஐசோடைப் ஸ்லைடு. அளவு ஒத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

காசநோய்க் கட்டியில் எல்லாமே பழுப்பாக இருக்கிறது. நம்பலாமா?

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இந்தத் திசு நிறைய வரும், எனவே கவனம் தேவை. கிரானுலோமாவில், அதாவது இந்தக் கட்டியில், மூன்று வகைப் பழுப்பு கலந்திருக்கும். ஓரத்தில் உள்ள சிடி4 லிம்போசைட்டுகளின் கூர்மையான வளையம் ஒன்று. எபிதெலாய்டு மேக்ரோஃபேஜ்களின் மங்கலான, பரந்த நிறம் இன்னொன்று. இதுவும் உண்மையான சிடி4தான், ஆனால் டி-செல் அல்ல. மூன்றாவது, நடுவில் உள்ள சீஸ் போன்ற இறந்த பகுதி ஆன்டிபாடியைக் கண்டபடி உறிஞ்சிக்கொள்வது. அதை எண்ணவே கூடாது. ஐசோடைப் ஸ்லைடிலும் அதே இடம் பழுப்பானால் ஐயமே வேண்டாம்.

எச்.ஐ.வி. உள்ளவரின் கணுவில் விஷயம் இன்னும் நுட்பமானது. சிடி4 டி-செல்கள் குறைந்து சிடி8 செல்கள் கூடியிருக்கும், மேக்ரோஃபேஜ்களோ அங்கேயேதான் இருக்கும். சிடி4 ஸ்லைடை மட்டும் பார்த்தால் இன்னும் நிறைய டி-செல் இருப்பதாகத் தோன்றிவிடும். அடுத்தடுத்த செக்ஷன்களில் சிடி3 (எல்லா டி-செல்களின் குறி), சிடி8 (கொல்லும் டி-செல்களின் குறி), சிடி68 (மேக்ரோஃபேஜின் குறி) மூன்றையும் செய்து, ஒரே இடத்தை நான்கு ஸ்லைடிலும் ஒப்பிடுங்கள். சிடி3 எண்ணிக்கையிலிருந்து சிடி8 எண்ணிக்கையைக் கழித்தால் வருவது, சிடி4 டி-செல்லுக்கு ஏறக்குறைய நெருங்கியதாக இருக்க வேண்டும். சிடி4 ஸ்லைடில் எண்ணியது அதைவிட வெகுவாக அதிகமென்றால் மேக்ரோஃபேஜையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள். சிடி8க்கு சி8/144பி குளோனை எடுக்கலாம். அது செல்லின் உட்பக்க வாலைப் பிடிப்பது, பாரஃபினில் நிலையாக வரும்.

கருமையான தோலில் மெலனினும் பழுப்பு, டிஏபியும் பழுப்பு. எப்படிப் பிரிப்பது?

நிறத்தை மாற்றுங்கள். ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் என்சைம் உள்ள பாலிமரோடு சிவப்பு குரோமோஜென் (நிறம் தரும் பொருள்) எடுத்தால், பழுப்பு மெலனினுக்குப் பக்கத்தில் சிவப்பு வளையம் தனியாகத் தெரியும். கழுவுவதற்கு பாஸ்ஃபேட் பஃபர் வேண்டாம், டிரிஸ் பஃபர்தான், ஏனென்றால் பாஸ்ஃபேட் இந்த என்சைமை அடக்கும். எச்.ஆர்.பி. பாலிமர்தான் கையில் இருக்கிறதென்றால் ஏஈசி குரோமோஜென் சிவப்பைத் தரும். ஆனால் அது ஆல்கஹாலில் கரைந்துவிடும், தண்ணீர் வகை மவுன்டன்ட் (கவர்ஸ்லிப்பை ஒட்டும் திரவம்) போட வேண்டும். மெலனினை வெளுத்துவிட்டு ஸ்டெயின் செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வெளுக்கும் மருந்து எபிடோப்பையும் சேர்த்துத் தாக்கக்கூடும்.

ஒன்றுமே வரவில்லை. எங்கிருந்து தேடுவது?

ஸ்லைடின் கன்ட்ரோல் திசுவைப் பாருங்கள். கன்ட்ரோல் நன்றாக வந்து நோயாளித் திசு மட்டும் வெறுமை என்றால், உண்மையிலேயே சிடி4 இல்லை, அல்லது ஃபிக்ஸ் செய்ததில் கோளாறு. ஏறக்குறைய எல்லாத் திசுவிலும் வரக்கூடிய விமென்டின் போன்ற ஒன்றை அதே பிளாக்கில் ஓட்டினால் இரண்டில் எது என்று ஓரளவு தெரியும்.

கன்ட்ரோலும் வெறுமை என்றால் கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒரு சிறு குழாயில் பாலிமர் ஒரு சொட்டு, டிஏபி ஒரு சொட்டு கலந்தால் உடனே பழுப்பாக வேண்டும். ஆகாவிட்டால் இந்த இரண்டில் ஒன்று செத்துவிட்டது. பஃபரில் யாராவது சோடியம் அசைடு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், அது எச்.ஆர்.பி.யை முடக்கும். குழாயில் நிறம் வந்தால் சந்தேகம் சூடேற்றத்துக்குப் போகிறது. அதுவும் சரியென்றால் கடைசியாக முதல் ஆன்டிபாடி.

ஓரம் மட்டும் பழுப்பானால் காய்ந்திருக்கிறது. முழுப் பின்னணியும் பழுப்பானால் செறிவு அதிகம், கழுவல் குறைவு, அல்லது டிஏபியில் நேரம் அதிகம்.

கரண்ட் போனால் ஆன்டிபாடி கெட்டுவிடுமா?

2023இல் இருந்த அளவுக்கு லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) இப்போது இல்லை என்றாலும் மின்தடை வரத்தான் செய்கிறது. ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் உள்ள பாட்டில், கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரத்தைத் தாங்கும். ஃப்ரிட்ஜில் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பி வைத்தால் குளிர் மெல்ல இறங்கும். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைக் காட்டும் தெர்மோமீட்டர் ஒன்று உள்ளே இருக்கட்டும்.

ஆன்டிபாடியை அதிகம் கெடுப்பது உறைந்து உருகி மறுபடி உறைவது. தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், அது உள்ளுக்குள் அடிக்கடி சூடாகிக் குளிரும். உறைய வைப்பதானால் 20 மைக்ரோலிட்டர் அளவில் பிரித்து வையுங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம், ஃப்ரிட்ஜிலேயே வைத்துப் பயன்படுத்தி முடியுங்கள்.

உண்மையில் மின்தடையால் பெரிய சேதம் டிஷ்யூ பிராசஸரில் (திசுவை மெழுகில் ஊற வைக்கும் மெஷின்) நடக்கிறது. திசு பாதி வழியில் நின்று காற்றில் காய்ந்தால், அல்லது சூடான திரவத்தில் மணிக்கணக்கில் கிடந்தால், அந்தப் பிளாக்கை எந்த ஆன்டிபாடியாலும் மீட்க முடியாது. யூ.பி.எஸ். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் பிராசஸருக்கே கொடுங்கள்.

எலும்பு மஜ்ஜையில் செய்யலாமா?

செய்யலாம். சுண்ணாம்பை நீக்க வலுவான அமிலத்துக்குப் பதில் ஈ.டி.டி.ஏ. பயன்படுத்துங்கள், நாள் கூடுதலாகும். கன்ட்ரோல் டான்சிலையும் அதே கரைசலில் அதே நேரம் ஊற வையுங்கள்.

சுண்டெலித் திசுவில் இதே குளோன் வருமா?

மனித சிடி4க்கு என்று உருவாக்கிய ஆன்டிபாடி சுண்டெலி ஏற்பியைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய வகை எலியிலிருந்து (ராட்) வந்த ஜிகே1.5 சுண்டெலி சிடி4-ஐப் பிடிக்கும், ஆனால் உறைந்த செக்ஷனில்தான். பாரஃபினுக்கென்று தனியாகச் சோதித்த குளோனைத் தேடி வாங்குங்கள்.

டிஏபி கழிவை சிங்க்கில் ஊற்றலாமா?

கூடாது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படும் பொருள் அது. கையுறை போட்டு, கழிவையும் முதல் அலசல் தண்ணீரையும் மூடியுள்ள தனிப் பாட்டிலில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். பிளீச் ஊற்றி அழிக்கப் பார்க்காதீர்கள், அதனால் உண்டாகும் பொருளும் நஞ்சுதான்.